இரத்தக் கொதிப்பும் கிராம மக்களும்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

கிராம வளர்ச்சி என்றதும் சாலை, கிணறு, பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவிற்கு முதலில் வருகின்றன. சுகாதாரம் என்றால், குடிநீர்த் தொட்டியில் குளோரின் இடுதல், கழிவுநீர் வாய்க்காலைத் தூர்வாருதல், கொசு ஒழித்தல் ஆகியவற்றோடு ஊராட்சியின் வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணுகின்றனர். இதில் வியப்பில்லை. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலத்தில் கிராமங்களை வருத்தியவை காலரா, பெரியம்மை, மலேரியா, நரம்புச் சிலந்தி முதலிய நோய்கள். அவை ஒரு வீட்டில் புகுந்தால் ஊருக்கே தெரியும், ஊரே அஞ்சும். பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. நரம்புச் சிலந்தி 1996க்குப் பின் நம் நாட்டில் எவருக்கும் காணவில்லை. இவ்வெற்றிகளில் மருத்துவத் துறையினருக்கு மட்டுமன்றி, படிக்கிணறுகளைச் சீர்திருத்திப் பாதுகாப்பான குடிநீர் வழங்கிய கிராமங்களுக்கும் பங்கு உண்டு.

இங்கு நாம் எடுத்துக்கொண்ட நோய் அத்தகையதன்று. அது வந்தவருக்கே அது வந்திருப்பது தெரியாது. மருத்துவர்கள் அதனை உயர் இரத்த அழுத்தம் என்பர். நம் மக்கள் இரத்தக் கொதிப்பு என்றும் பிரஷர் என்றும் சொல்வர்.

நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியில், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்கும் பணியாளர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதை எட்டாதவர். பீடியும் மதுவும் அறியாதவர். ஒரு மருத்துவ முகாமில் அவருக்கு இரத்த அழுத்தம் 176/108 எனக் கண்டு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் தவறாமல் உட்கொண்டார். மூன்றாம் மாதம் அளந்தபோது 132/82 ஆகக் குறைந்திருந்தது. நோய் குணமாகிவிட்டது எனக் கருதி மாத்திரையை நிறுத்திவிட்டார். அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு அவருக்கு ஒரு தலைவலிகூட இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் வால்வைத் திறக்கச் சென்றவரின் வலக்கை சக்கரத்தைப் பற்றவில்லை, வாய் கோணிற்று. வாயு பிடித்துவிட்டது என்று சொல்லி உறவினர்கள் எண்ணெய் தேய்த்துவிட்டனர். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சேர்த்தது மறுநாள். உயிர் பிழைத்தார், ஆனால் வலக்கை இன்னும் வழங்கவில்லை, பேச்சும் குழறுகிறது.

இம்மனிதரைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். பம்பு அறையின் சுவரில் அன்றாட வோல்ட்டேஜ் எண்ணைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைப்பது அவர் வழக்கம். மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாளிலும் அதைக் குறித்தார். ஓசை மாறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் ஒருநாளும் இருந்ததில்லை. இயந்திரத்தின் காரியத்தில் இத்துணை விவேகம் காட்டிய அவர் தம் உடலின் காரியத்தில் அதைக் காட்டாதது ஏன் என்பதே நம் மனத்தை உறுத்திய கேள்வி. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

கொதிப்பு என்ற சொல்

பம்புசெட்டு வைத்திருக்கும் உழவர்களுக்கு இந்நோயை விளக்குவது கடினமன்று. இருதயம் ஒரு மோட்டார். இரத்தக் குழாய்கள் பைப் லைன். இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் உண்டாகும் அழுத்தம் மேல் எண். அது விரிந்து ஓய்வெடுக்கும் கணத்தில் எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலாகவோ நிற்குமாயின் அது உயர் இரத்த அழுத்தம். வால்வைப் பாதி மூடிவைத்து மோட்டாரை ஓட்டினால் என்ன ஆகும்? தண்ணீர் வரத்தான் செய்யும்; ஒரு வாரம் ஒன்றும் தெரியாது. ஆனால் நாளடைவில் மோட்டார் தேயும். இணைப்பு எங்கு பலவீனமோ அங்கு பைப் தெறிக்கும். உடலில் அவ்வாறு தெறிக்கும் அல்லது அடைபடும் இடம் மூளையாயின் பக்கவாதம், இருதயமாயின் மாரடைப்பு. சிறுநீரகமும் கண்ணும்கூட மெல்ல மெல்லக் கெடும்.

இவ்வளவு எளிய விஷயம் மக்கள் மனத்தில் பதியாமைக்கு, கொதிப்பு என்ற சொல்லும் ஒரு காரணமோ என்று நாம் ஐயுறுகிறோம். கொதிப்பு என்றால் கோபம் என்பது ஊர் வழக்கு. ஆகவே முன்கோபிகளுக்கும் கவலைப்படுவோருக்கும் மட்டுமே இந்நோய் வரும் என்று எண்ணுகிறார்கள். ஒரு முகாமில் நாம் வற்புறுத்தி அழைத்த பெரியவர் ஒருவர், ‘எனக்குக் கோபமே வராதுங்க ஐயா, எங்க வீட்டு அம்மாவுக்குத்தான் அளக்கணும்’ என்றார். கூடியிருந்தோர் சிரித்தனர். அளந்து பார்த்ததில், அம்மையாருக்கு 124/78. சாந்த சொரூபியான அவருக்கோ 170க்கு மேல்! கொதிப்பைச் சூடு என்று கொண்டு, இளநீரும் மோரும் குடித்தால் தணிந்துவிடும் என்று நம்புவோர் வேறு. படித்தவர்களின் நிலையும் மேலானதன்று. டென்ஷனால் வந்த பிரஷர், மகள் கல்யாணம் முடிந்ததும் போய்விடும் என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். கோபத்தாலும் கவலையாலும் அழுத்தம் அச்சமயத்திற்கு உயரும் என்பது மெய்யே. ஆனால் நோயாக நிலைத்து நிற்கும் அழுத்தம், சாந்தமாக உறங்குபவரிடத்தும் இருக்கும்.

இரண்டாவது தப்பெண்ணம், கொதிப்பு இருந்தால் தலை சுற்றும், கண் இருளும், பிடரி வலிக்கும் என்பது. இவை இல்லாதவர் தமக்கு நோயில்லை என்று முடிவு செய்துவிடுகிறார். உண்மையில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. மண்ணில் ஈரம் இருப்பதைக் கையால் தொட்டுச் சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல இயலாது. கருவியால் அளந்தாலன்றி மருத்துவருக்கும் தெரியாது.

வயதானால் கொதிப்பு கூடுவது இயற்கைதானே என்பது மூன்றாவது. இதற்காக நம் ஊர்ப் பெரியவர்களைக் குறை கூறுதல் தகாது. ஒரு காலத்தில் மருத்துவ உலகமே அவ்வாறுதான் எண்ணியிருந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து வந்தது. அவர் வயதிற்கு அது சாதாரணமே என்று மருத்துவத் தரப்பில் கொள்ளப்பட்டது. 1944 மார்ச்சில் இருதய நிபுணர் ஒருவர் சோதித்தபோது 186/108 இருந்தது. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் பிற்பகலில் தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்த எண் 300/190. அன்றே மூளையில் இரத்தம் கசிந்து மாண்டார். உலகப் போரை நடத்திய ஒரு வல்லரசின் தலைவருக்கே அன்று கொடுக்கத்தக்க நல்ல மருந்து இருக்கவில்லை.

மருத்துவர்களின் எண்ணம் மாறியது பின்னரே. 1948இல் அமெரிக்காவின் பிராமிங்ஹாம் நகரில் ஆயிரக்கணக்கான மக்களை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்து சோதிக்கும் ஆராய்ச்சி தொடங்கிற்று. அழுத்தம் மிக்கவர்களுக்கே மாரடைப்பும் பக்கவாதமும் மிகுதியாக வருவதை அது காட்டிக்கொடுத்தது. மருந்தின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் சிறப்பான இடம் உண்டு. நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவந்த சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகறியச் செய்தார். மருந்தினால் ஆயுள் நீளுமா என்ற சந்தேகத்தை, அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் நடைபெற்று 1967இல் வெளிவந்த ஆராய்ச்சி தீர்த்து வைத்தது. ஆகவே, வயதானால் இயற்கை என்பது நம் தாத்தாக்களின் அறியாமை மட்டுமன்று. மருத்துவர்கள் கைவிட்டபின்னும் நாம் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய கருத்து.

எத்தனை பேர்?

பணக்கார நாட்டாரின் நோய் இது என்ற எண்ணமும் இன்று செல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் இந்நோய் கொண்டோர் 1990இல் 65 கோடி. 2019இல் 130 கோடி. இவர்களுள் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டோர் நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் வாழ்பவர்கள். ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தமக்கு நோயிருப்பதே தெரியாது. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்போர் ஐவரில் ஒருவரே.

நம் மாநிலத்தில் 2020இல் எடுத்த கணக்கு இதனினும் கவலை தருவது. 18 முதல் 69 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 34 பேருக்கு உயர் இரத்த அழுத்தம். அந்நோயாளிகளுள் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் நூற்றுக்கு 7 பேர் மட்டுமே! 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பெற்று, மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று அளந்து மாத்திரையும் வழங்கும் முறை ஏற்பட்டது. 2023-24இல் மீண்டும் கணக்கெடுத்தபோது 7 என்பது 17 ஆகியிருந்தது. இது நல்ல முன்னேற்றமே. எனினும் எஞ்சிய 83 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்க வேண்டியது நம் கடமை. மாத்திரை வாசலுக்கு வந்தும் அது வாய்க்குப் போகவில்லையென்றால், குறை வழங்கும் முறையில் மட்டும் இல்லை. நம் மனத்திலும் இருக்கிறது.

மாத்திரையைப் பற்றிய அச்சம்

இனி நம்மைப் பற்றியே ஒன்று சொல்வது நேர்மையாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் முகாமைத் தொடங்கிவைக்கச் சென்றோம். மக்கள் தயங்கி நின்றமையால், எடுத்துக்காட்டாக இருக்கட்டும் என்று நாமே முதலில் கையை நீட்டினோம். செவிலியர் ஒருமுறைக்கு இருமுறை அளந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ‘168/104 இருக்குது சார்’ என்றார். ஜீப்பில் வந்த அலைச்சல்தான் என்று சொல்லி எழுந்துவிட்டோம். மாத்திரைச் சீட்டு மூன்று மாதம் மேசை இழுப்பறையில் கிடந்தது. இத்தனைக்கும் அந்த மூன்று மாதத்தில் இரண்டு கிராம சபைக் கூட்டங்களில் இந்நோயைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம்! பட்டம் பெற்ற, அரசுப் பணியிலுள்ள ஒருவரின் நிலை இதுவாயின் ஏனையோரை நாம் கடிந்துகொள்ள உரிமை ஏது? தொட்டிப் பணியாளர் விழுந்த செய்தி வந்த அன்றுதான் அச்சீட்டைத் தேடி எடுத்தோம்.

அப்போது நம்மைத் தடுத்தது, ஆரம்பித்தால் ஆயுள் முழுதும் விழுங்க வேண்டுமே என்ற எண்ணம். இது எல்லாருக்கும் உள்ள அச்சம். மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும் என்பது இதனினும் பரவலானது. உண்மை இதற்கு நேர்மாறு: கட்டுக்கு அடங்காத அழுத்தமே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, மாத்திரை அதைக் காக்கிறது. மருத்துவரிடம் காலந்தாழ்த்திச் செல்வோர் பலர் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்ட நிலையில் மாத்திரையைத் தொடங்குகின்றனர். பழி மாத்திரையின் மேல் விழுகிறது.

சிலருக்குச் சில மாத்திரைகள் ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அம்லோடிபின் உண்போர் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் உண்போர் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அவ்வாறாயின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் வேறு மாத்திரை தருவார்கள். சொல்லாமல் நிறுத்திவிடுவதே தவறு. எண் குறைந்ததும் நிறுத்துவது எத்தகையது எனில், வெள்ளம் ஊருக்குள் வரவில்லையே என்று ஏரிக்கரையை வெட்டிவிடுவது போன்றது. வெள்ளத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது எது என்று அறிந்தவர் அதைச் செய்வாரா?

வேறொரு மாத்திரையைப் பற்றி எச்சரிக்கை செய்வது அவசியம். நடவும் களையெடுப்பும் மும்முரமாக நடக்கும் நாட்களில், உடல்வலிக்கென்று பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கித் தேநீரோடு விழுங்கிவிட்டு வயலில் இறங்கும் வழக்கம் நம் பகுதியில் வேரூன்றிவிட்டது. அவ்வலி மாத்திரைகளில் பல, அழுத்தத்தை உயர்த்துபவை. சிறுநீரகத்திற்கும் கேடு செய்பவை. மருத்துவர் தரும் மாத்திரைக்கு அஞ்சும் நாம், கடைக்காரர் பெயர் சொல்லாமல் தரும் மாத்திரைக்கு அஞ்சுவதில்லை!

உப்புக் கணக்கு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. உப்பையே விட்டுவிடுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள், இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதை நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. மளிகைக் கணக்கே போதும். நால்வர் உள்ள குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ உப்பு 50 நாட்களுக்கு வர வேண்டும். மகளிர் குழுக் கூட்டங்களில் நாம் கேட்டுப் பார்த்ததில், பெரும்பாலான வீடுகளில் அது ஒரு மாதம்கூட வருவதில்லை. ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், கடையில் வாங்கும் காரவகைகள் ஆகியவற்றின் உப்பு இந்தக் கணக்கிலேயே வராது.

வெயிலில் வியர்க்க உழைப்பவனுக்கு உப்பு வேண்டாமா என்று உழவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாள்தோறும் வெயிலில் உழைத்துப் பழகிய உடல் வியர்வையில் உப்பை மிகுதியாக விடாமல் காத்துக்கொள்ளும் இயல்புடையது. உழைப்பவருக்கு முதலில் வேண்டியது தண்ணீர். உப்பு சாதாரணச் சோறு குழம்பிலேயே கிடைத்துவிடுகிறது. கஞ்சியில் ஒரு பிடி, தொட்டுக்கொள்ள ஊறுகாய், அதன்மேல் உப்பு மிளகாய் என்று அடுக்குவதே வேண்டாதது. இந்துப்பு தீங்கற்றது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அதுவும் பெரும்பாலும் அதே உப்புதான். குழந்தைகளுள்ள வீட்டில் அயோடின் கலந்த உப்பையே வாங்குதல் நலம்; அளவு மட்டும் குறையட்டும். பந்தியில் இலையில் முதலில் உப்பு வைக்கும் மரபை மாற்றச் சொல்லும் துணிவு நமக்கு இல்லை. ஆனால் அதை இலையோடு விட்டுவிடலாமே.

புகையிலை, மது, உடற்பருமன் ஆகியவையும் காரணங்கள் என்பது யாவரும் அறிந்ததே.

ஊராட்சி செய்யத்தக்கது

நமது ஒன்றியத்தில் முகாம்கள் முன்பு காலை பத்தரை மணிக்கு நடைபெற்றன. அந்நேரத்தில் ஆண்கள் வயலில் இருப்பார்கள். வந்தவர்களே மீண்டும் வந்தனர். அளந்தவர்களையே மீண்டும் அளந்தோம். எண்ணிக்கை அறிக்கையில் அழகாக இருந்தது. இதைக் கவனித்த ஒரு வார்டு உறுப்பினர், ‘ஆம்பிளைங்க எல்லாரும் ஒரே இடத்துல நிக்கிறது விடியக்காலை பால் ஊத்துற இடத்துலதாங்க ஐயா’ என்றார். எவ்வளவு தெளிவான யோசனை! பால் கூட்டுறவுச் சங்கத்தின் திண்ணையில் ஒரு நாற்காலியும் மின்கருவியும் வைத்து, பெண் சுகாதாரத் தன்னார்வலரை வாரத்தில் ஒரு நாள் அங்கு வரச் செய்தோம். முதல் சில வாரங்களில் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் வாழ்நாளில் அன்றுதான் முதன்முறையாக அளந்துகொண்டவர்கள்.

அளக்கும் முறையில் சிறிது கவனம் வேண்டும். பால் கேனை மிதிவண்டியிலிருந்து இறக்கிய கையோடு அளந்தால் எண் கூடுதலாகவே காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். பாதங்கள் தரையில் பதிய வேண்டும். சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றாமல், கையை இருதய மட்டத்திற்குத் தாங்கி வைக்க வேண்டும். அதற்கு முந்திய அரைமணி நேரத்தில் தேநீர், காப்பி, பீடி கூடாது. அளக்கும்போது பால் விலையைப் பற்றிப் பேசவும் கூடாது. இரண்டு முறை அளந்து இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் எண்ணை வைத்து எவரையும் நோயாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கூடுதலாக இருப்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி, அவர் போனாரா என்று மறுவாரம் கேட்க வேண்டும்.

எண்ணை ஊரறியப் பலகையில் எழுதலாம் என்று ஓர் உற்சாகமான உறுப்பினர் சொன்னார். அதை நாம் ஏற்கவில்லை. மகன் திருமணப் பேச்சு கெட்டுவிடும், ஓட்டுநர் வேலை போய்விடும் என்று மறைப்போர் உண்டு. அவரவர் எண் அவரவர் அட்டையில் இருப்பதே முறை.

பக்கவாதம் வந்துவிட்டால் செய்ய வேண்டியதை மட்டும் ஊரறியச் சொல்லியே ஆக வேண்டும். வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சு குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் எண்ணெயும் மந்திரிப்பும் வேண்டாம். வாயில் எதையும் புகட்டவும் வேண்டாம். உடனே 108ஐ அழைக்க வேண்டும். அடைப்பினால் வந்த பக்கவாதமாயின், ஸ்கேன் எடுத்துப் பார்த்து நாலரை மணி நேரத்திற்குள் போடத்தக்க ஊசி உண்டு. கையும் பேச்சும் திரும்புவது பலருக்கு அந்த நாலரை மணி நேரத்தைப் பொறுத்தது.

சென்ற மாதம் தொட்டிப் பணியாளரைக் காணச் சென்றிருந்தோம். அவர் மனைவி இப்போது மாத்திரையைக் காலைக் காப்பித் தம்ளரோடு வைத்துவிடுகிறாராம். அட்டையை வாங்கிப் பார்த்தோம்; ஐந்து மாதமாக எண் 140ஐத் தாண்டவில்லை. நம் அட்டையை அவர் இடக்கையால் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் இறுதியாக இருந்தது 136/84. சிரித்து ஏதோ சொன்னார். அது நமக்கு விளங்கவில்லை. ‘மாத்திரையை விட்டுடாதீங்கன்னு சொல்றாருங்க ஐயா’ என்று அந்த அம்மையார் எடுத்துச் சொன்னார்.

பால் சங்கத் திண்ணையில் வாரந்தோறும் அளப்பது தொடர்கிறது. கருவிக்கு அவ்வப்போது நான்கு பேட்டரி செல்கள் மாற்ற வேண்டியிருக்கிறது. இச்செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டு ஊராட்சிச் செயலர் அனுப்பிய குறிப்பு நம் மேசையில் இருக்கிறது. அதற்கு முடிவு காணும் வரை வார்டு உறுப்பினர்கள் முறைவைத்து வாங்கிப் போடுகிறார்கள்.